ரெண்டு பேரும் ஒண்ணா தொட்டா பந்து யாருக்கு?

மக்களே, இண்ணைக்குக் காலத்த அமெரிக்காவுல இருந்து மெசேஜ் வந்திருக்கு, நம்ம எபிசண்ணன் கண்டுபிடிச்ச பாஸை, நம்ம வடசேரியில கண்டுபிடிச்ச பாஸை, அடுத்த சீசன்ல இருந்து அவங்க டோர்னமெண்ட்ல சேக்கப் போறாங்களாம், அதுவும் 'முன்ன போடு'ன்னு நம்ம வச்ச பேரோடயே!

சாரி போதகர் ஐயா. தெரியும். மொதல்ல மேடைக்கு வணக்கம் சொல்லணும். வாற வழியில பஸ்ல இருந்து சொல்லிப் பாத்துட்டுதான் வந்தேன். ஆனா இதை வாயில வச்சிட்டு என்னால வேற ஒண்ணும் பேச முடியல. மெசேஜைப் பாத்ததும் ஒரே ஒரு ஆளுகிட்ட ஓடிப் போய்ச் சொல்லணும்னு இருந்துது. அந்த ஆளு போட்டோவுலதான் இப்போ மாலை கெடக்கு.

செரி. மொறையா தொடங்குகேன்.

தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே! எபிசண்ணன் வேலை செய்த பல் லேப்பை நடத்திவரும் ஞானபாய் அக்கா அவர்களே! இனயத்துல இருந்து வந்திருக்கும் ததேயுஸ் அண்ணன் அவர்களே! எங்க சங்கத்தின் நிரந்தர ரெண்டாமிடம் சிஜோ அவர்களே! சிரிக்காதலே, எபிசண்ணன் உன்னை அப்படித்தான் கூப்பிடுவாரு. முன்வரிசையில இருக்கிற எபிசண்ணனுக்க மனைவி பிரீனா அக்கா... உங்களுக்கு என்ன சொல்லி வணக்கம் வைக்கணும்னு எனக்குத் தெரியல அக்கா. இங்க கூடியிருக்கிற எல்லாருக்கும் எனக்க வணக்கம்.

என் பேரு அபினா. சிதறால்ல இருந்து வாறேன். எங்க சங்கத்துக்க யூடியூப் சேனலை நடத்துகதும், ஆட்டத்துக்குக் கமெண்டரி சொல்லுகதும் நான்தான். மேடையில நிண்ணு பேசுகது இதான் மொத தடவ. மொபைலைப் பாத்துப் பேசித்தான் பழக்கம். அதனால கத்துவேன். பொறுத்துக்கிடுங்க.

மாண்புமிகு தலைவர் எபிசன் அவர்கள்! அப்படிச் சொன்னா அவருக்குப் புடிக்கும். சங்கத்துல நாங்க மொத்தம் இருவது பேரு வரமாட்டோம், ஆனாலும் 'தலைவர்'னு கூப்பிடலன்னா திரும்பிப் பாக்க மாட்டாரு.

இங்க லேப்புல இருந்தும் சபையில இருந்தும் வந்திருக்கவங்களுக்கு எபிசண்ணன் பல் செட் செய்யுகவரு. அவரு செய்த பல்லு இந்த ஹால்லயே நாலைஞ்சு வாயில இருக்கும். கை தூக்க வேண்டாம் தாத்தா, செரி, பாத்துட்டேன். ஆனா எங்களுக்கு அவரு வேற. எங்களுக்கு அவரு எலக்ட்ரிக் புட்பால்.

அப்படின்னா என்னன்னு தெரியாதவங்களுக்காகச் சொல்லுகேன். மேசை அளவுக்கு ஒரு தகரத் தகடு. பச்சைப் பெயிண்ட் அடிச்சு, வெள்ளைக் கோடு போட்டு, கிரவுண்டு மாதிரி இருக்கும். அடியில ஒரு சின்ன மோட்டாரு. சுவிட்சைப் போட்டா தகடு மொத்தமும் கிடுகிடுன்னு நடுங்கி வெறைக்கும். அதுக்க மேல இந்தப் பக்கம் பதினொண்ணு, அந்தப் பக்கம் பதினொண்ணு பிளாஸ்டிக் ஆளு. ஒவ்வொருத்தனுக்கும் காலுக்கு அடியில ஒரு பீடம், பீடத்துக்க அடியில முடி மாதிரி சின்னச் சின்னக் குச்சி. தகடு வெறைக்க வெறைக்க அந்தக் குச்சி ஆளைத் தள்ளிட்டுப் போவும். சுவிட்சைப் போட்டதுக்குப் பொறவு நம்ம கையில ஒண்ணும் இல்ல. ஒருத்தன் நேர ஓடுவான், ஒருத்தன் நிண்ண இடத்துலயே சுத்துவான், ஒருத்தன் நம்ம எல்லைக் கோட்டைப் பாத்தே திரும்பி ஓடுவான். நாம பாத்துட்டு நிண்ணு கத்தலாம். அவ்வளவுதான்.

இந்தத் தகட்டைக் கொண்டுவந்தது யாரு? ததேயுஸ் அண்ணன்! கல்ப்புல சப்ளை போட்ல வேலை பாத்தப்போ, அமெரிக்காக்காரன் ஒருத்தன் கப்பல்ல இருந்து எறங்கும்போது வேண்டாம்னு விட்டுட்டுப் போனது. பெட்டியில என்ன எழுதியிருந்துது? புட்பால்! கடக்கரையில பந்து ஒதைச்சே வளந்த இனயத்துக்காரங்ககிட்ட புட்பால்னு எழுதின பெட்டியைக் குடுத்தா என்ன நடக்கும்? நம்ம புட்பால்னு நெனச்சு ரெண்டு வருஷம் ஆடியிருக்காங்க மக்களே! கால்ல ஒதைக்க ஆட்டம்னு நெனச்சு! கோல் போஸ்ட்டுக்க மேல எதுக்கு ரெண்டு கம்பு நீட்டிட்டு நிக்குதுன்னு சொல்லி நம்ம சிஜோ அதை முறிச்சே போட்டுட்டான்!

அந்த ஆட்டத்தை ஒருநாள் எபிசண்ணன் யூடியூப்ல போட்டிருந்தாரு. நான் அமெரிக்கன் புட்பாலை வீடியோ பாத்தே படிச்சவ. எனக்குப் பொறுக்கல. "அண்ணா, இது நம்ம புட்பால் இல்ல, இது பந்தைக் கையில வச்சிட்டு ஓடுகதும், கையால எறியுகதுமான ஆட்டம்"னு எழுதினேன். ஒடனே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "ஏட்டி, கையில புடிச்சா பவுலாக்கும்." நான் விடல. நாலு வீடியோ அனுப்பினேன். கொஞ்சம் கழிஞ்சு அடுத்தது: "அப்போ கோல் போஸ்ட்டைக் காக்க கோலி எங்க?" கோலியே கெடையாது அண்ணான்னேன். "கோலி இல்லாத ஆட்டத்தை எவம்டி கண்டுபிடிச்சான்?"

அப்படித்தான் நான் இந்தச் சங்கத்துல சேர்ந்தேன். சண்டை போட்டு.

பொறவு தகட்டை வடசேரி லேப்புல கொண்டு வச்சு ஒழுங்கா ஆடத் தொடங்கினோம். பந்தைச் சொமந்துட்டு ஓடுகது எளுப்பம். தகடே ஓட வைக்கும். ஆனா பாஸ்? எறிஞ்சு குடுக்கணுமே! அந்தப் பெட்டியில கையில ஸ்பிரிங் வச்ச ஒரு ஆளு இருந்தான். அவன் கையில பஞ்சு மாதிரி உள்ள பந்தை வச்சு, பொறத்தோட்டு இழுத்து விட்டா, எறிவான். எங்க எறிவான்? ஞானபாய் அக்காவுக்க சாயாவுல எறிவான்! பீரோவுக்க அடியில எறிவான்! ஒருக்க பல்லு அளவெடுக்க வந்து வாயைத் தொறந்துட்டு இருந்த ஆளுக்க மடியில விழுந்துது. மேசையில நிக்கவன் எவனுக்காவது போய்ச் சேர்ந்துதா? இல்ல. அமெரிக்காவுலயும் இதே பாடுதான். தகட்டை நிறுத்திட்டு, ஸ்கேல் வச்சு அளந்து, பகடையை உருட்டி, கிடைச்சுதா கிடைக்கலியான்னு முடிவு பண்ணுவாங்க. நான் அதைச் சொன்னப்போ எபிசண்ணன் என்ன சொன்னாரு தெரியுமா? "பகடை உருட்டுகதுக்கு எதுக்குட்டி இத்தற பெரிய தகடு? தாயம் வெளையாடினா போராதா?"

அவருக்குப் பகடையே புடிக்காது. இதைக் கொஞ்சம் மனசுல வச்சிக்கிடுங்க.

அப்பொறம் இனயத்துல திருவிழா டோர்னமெண்ட். நம்ம சொந்தப் புட்பால், கடக்கரை மணல்ல. சிஜோ விங்ல ஓடுகான். நடுவுல பந்தை வச்சிருக்கவன் இவன் காலுக்கே பாஸ் குடுக்கான், குடுக்கான், ஒவ்வொரு தடவையும் எதிராளி வந்து தட்டிட்டுப் போறான். சிஜோவுக்கு வெறி புடிச்சிட்டு. "எனக்க காலுக்குத் தராதலே! முன்ன போடுலே! முன்ன போடு, நான் வந்து எடுத்துக்கிடுவேன்!"

எபிசண்ணன் கையில கடலைப் பொட்டலம். அப்படியே எழும்பிட்டாரு. "அபினா, கேட்டியா? ஆளுக்கு எறியாண்டாம்டி. எடத்துக்கு எறிஞ்சா போரும்." ஆட்டம் பாதியில நிக்குது, மனுஷன் பஸ் ஏறிப் போயிட்டாரு. சிஜோ கோல் அடிச்சதைப் பாக்கவே இல்ல. அந்தக் கோபம் அவனுக்கு இப்பவும் உண்டு.

இதான் மக்களே 'முன்ன போடு'! பாஸ் வேணும்னா தகட்டை நிறுத்து. பந்தை எடு. எவனுக்க கையிலயும் குடுக்காத. உனக்க ஆளு எங்க வந்து சேருவான்னு மனசுல கணக்குப் போட்டு, ஆளில்லாத இடத்துல, எல்லாருக்கும் ஒரு சாண் தள்ளி, கீழ வையி. சுவிட்சைப் போடு. இப்போ அந்தப் பந்து யாருக்கும் சொந்தமில்ல. உனக்க ஆளு மொதல்ல தொட்டா பாஸ். எதிராளி மொதல்ல தொட்டா போச்சு. அஞ்சு எண்ணுகதுக்குள்ள யாரும் தொடலன்னா கீழ விழுந்த பந்து, பாஸ் கணக்குல வராது. ஸ்பிரிங் இல்ல, ஸ்கேல் இல்ல, பகடை இல்ல! எறிஞ்சதுக்கும் புடிச்சதுக்கும் நடுவுல உள்ள அந்த நெஞ்சு படபடப்பு இருக்கே, அதை ஒரு தகரத்துல கொண்டுவந்தவரு எபிசண்ணன்! அமெரிக்காக்காரங்களுக்கு ஏன் தோணல? அவங்களுக்குக் கால்ல ஆடுக புட்பால் தெரியாது. நாங்க தப்பான ஆட்டத்தை ஆடினதுனாலதான் எங்களுக்குத் தோணிச்சு!

பந்து வெறைச்சு நவுந்து போகப்பிடாதுல்லா? அதுக்கு லேப்புல பல்லு அச்சுக்கு வச்சிருக்க செவந்த மெழுகுல ஒரு பொட்டு, பந்துக்கு அடியில. பழைய பீடமெல்லாம் முறிஞ்சப்போ பல் செட்டுக்கு ஈறு வார்ப்பாங்களே, அந்த ரோஸ் கலர்லயே புது பீடம் வார்த்தாரு. அடியில குச்சிக்குப் பதிலா மீன் வலைக்க தங்கூஸ் நூலை வெட்டி நட்டாரு. உலகத்துலயே ஈறு மேல நிண்ணு ஓடுக புட்பால் டீம் நம்ம டீம்தான்! ஞானபாய் அக்கா வந்து நிண்ணு, "எபிசா, பல்லு கேட்டு ஆளு வாசல்ல நிக்கு, நீ பொம்மைக்குக் காலு நட்டுட்டு இருக்கியா?"ம்பாங்க. "அக்கா, அவருக்கு மெல்லணும், இவனுக்கு ஓடணும், ரெண்டும் அவசரம்தான்"ம்பாரு. அக்கா, நீங்க திட்டிட்டே மெழுகு வாங்கிக் குடுத்திய. எங்களுக்குத் தெரியும்.

தலைவருக்க சேவைன்னு சொன்னா இதைச் சொல்லணும். மீன்பிடித் தடைக்காலம் வந்தா கடக்கரையில எல்லாரும் சும்மா இருப்பாங்கன்னு, பெட்ஷீட்ல சுத்தின தகட்டைத் தூக்கிட்டு வடசேரியில இருந்து இனயத்துக்குப் பஸ் ஏறுவாரு. கண்டக்டர் ஒருத்தரு கேட்டாராம், "என்னவே அது, கதவா?" இவரு சொல்லியிருக்காரு, "இல்ல, கிரவுண்டு." கண்டக்டர் அதைத் தட்டிப் பாத்துட்டு, "கிரவுண்டுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கணும்"னாராம்! எடுத்தாரு மக்களே! அந்த டிக்கெட்டைச் சட்டைப் பையில வச்சு ஒரு மாசம் எல்லார்கிட்டயும் காட்டிட்டு நடந்தாரு!

நல்லவருன்னு மட்டும் சொல்லிட்டுப் போக எனக்கு மனசில்ல. தோத்தா மொகத்தைப் பாக்க முடியாது. கமெண்டரியில ஒருக்க "தலைவர் பின்தங்கியுள்ளார்"னு சொன்னதுக்கு மோட்டாருக்க வயரைப் பிடுங்கிட்டுப் போன ஆளு. மறுநாள் வந்து, "வயரு தானா கழண்டுட்டு"ன்னாரு. அப்படிப்பட்ட எபிசண்ணன்! எங்க எபிசண்ணன்!

போன செவ்வாய்க்கிழமை சாயா குடிக்க லேப் மாடியில இருந்து எறங்கினாரு. பாதிப் படியில உக்காந்தாரு. பொறவு எழும்பல. முப்பத்தொம்பது வயசு. ஆட்டோ வந்துது, ஆஸ்பத்திரி வந்துது, எல்லாம் வந்துது. என்ன செய்ய? நாங்க என்ன செய்திருக்க முடியும்? ஒண்ணும் செய்திருக்க முடியாதுன்னு டாக்டரு சொன்னாரு. அதை ஆறுதலுக்குச் சொன்னாரா, என்னன்னு எனக்கு இண்ணைக்கும் வெளங்கல.

செரி. மெசேஜுக்கு வாறேன். ஏன்னா அதுல பாதியைத்தான் நான் சொன்னேன்.

அது எனக்கு வந்த மெசேஜ் இல்ல. நம்ம சேனலைப் பாத்துட்டு, அங்க டோர்னமெண்ட் நடத்துகவங்க சங்கத்துக்க ஐடிக்கு அனுப்பினது. தொடக்கமே 'டியர் எபிசன்'. அவங்களுக்குத் தெரியாது. நான் இன்னும் சொல்லல. டைப் அடிச்சேன், அழிச்சேன். திரும்ப அடிச்சேன். இங்கிலீஷ்ல அந்த வார்த்தையை அடிச்சா அவரு இன்னும் கொஞ்சம் செத்துப் போயிடுவாரு மாதிரி இருந்துது.

அவங்க ஒரு கேள்வி கேட்டிருக்காங்க. ஆடிப் பாத்திருக்காங்க, புடிச்சிருக்கு, எல்லாம் செரி. ஆனா பந்தை ரெண்டு பேரும் ஒண்ணா தொட்டா? நம்ம ஆளும் எதிராளியும் ஒரே நேரத்துல? மெழுகு ரெண்டு பேர்லயும் ஒட்டிக்கிடும்லா, பந்தை நடுவுல வச்சிட்டு ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சு வட்டம் சுத்துவாங்க. அப்போ பந்து யாருக்கு?

நெஜ ஆட்டத்துல பந்தை எறிஞ்ச சைடுக்குக் குடுப்பாங்க. அவங்களுக்குத் தெரியாதா? அவங்க ஆட்டமாக்கும். ஆனா எழுதியிருக்காங்க, "உங்க விதிப்படி கீழ வச்ச பந்து யாருக்கும் சொந்தமில்லை. அப்போ எறிஞ்சவருக்கு எப்படிக் குடுப்பது? நீங்க என்ன செய்வீங்க எபிசன்?" வாற ஞாயித்துக்கிழமை அவங்க விதி எழுதுக மீட்டிங். அதுக்குள்ள பதில் வேணும். வரலன்னா, அந்த ஒரு எடத்துல மட்டும் பகடை உருட்டிக்கிடுவாங்களாம்.

பகடை! எபிசண்ணனுக்க பாஸ்ல பகடை!

எனக்குப் பதில் தெரியாது மக்களே. ஏன்னா நாங்க ஒருநாளும் கேட்டதே இல்ல. ரெண்டு பேரும் சுத்தத் தொடங்கினா எல்லாரும் தகட்டைப் பாக்க மாட்டோம், அவரு மொகத்தைப் பாப்போம். அவரு குனிஞ்சு, ஒரு கண்ணை மூடி, பல் செட்டுக்க கடி சேருதான்னு பாக்க மாதிரி பாப்பாரு. "இந்தப் பக்கம்"ம்பாரு. இல்லன்னா "அந்தப் பக்கம்"ம்பாரு. முடிஞ்சுது. அதான் விதி. அந்த விதியும் அவருகூட மாடிப்படியில உக்காந்துட்டு.

மெசேஜ் வந்ததும் பழைய லைவை ஓட்டி ஓட்டிப் பாத்தேன். ஒரே மாதிரி ரெண்டு பேரு, ஒரே மாதிரி சுத்துகாங்க, ஒருநாள் எறிஞ்சவனுக்குக் குடுக்காரு, ஒருநாள் தடுத்தவனுக்குக் குடுக்காரு. எவன் நெஞ்சு நேரா பந்தைத் தொட்டான்னு பாத்தாரா? வேகத்தையா? அவரு மண்டைக்குப் பொறத்தால இருந்துதான் கேமரா பாக்குது. கண்ணு எங்க போகுதுன்னு தெரியல. எனக்க கமெண்டரி வேற நடுவுல கத்திட்டு கெடக்கு.

என்னது சிஜோ? தடுத்தவனுக்கா? அப்படித்தானா எப்பவும்? எழும்பிச் சொல்லுலே, எல்லாருக்கும் கேக்கட்டு. 'எனக்கு ஒருநாளும் தந்ததில்ல, அதனால தடுத்தவனுக்குத்தான்'... லே, அது ஒரு விதியா?

ததேயுஸ் அண்ணன் இல்லங்காரு. எறிஞ்சவனுக்குத்தானாம். சத்தியம் பண்ண வேண்டாம் அண்ணா, சர்ச் ஹாலாக்கும். ஞானபாய் அக்கா, நீங்களுமா? யாரு தோத்துட்டு இருக்காங்களோ அவங்களுக்கா? அப்படிப் பாத்தா சிஜோவுக்கு ஒரு பந்தாவது கிடைச்சிருக்கணுமே அக்கா!

பாத்தியளா போதகர் ஐயா? மூணு பேரு, மூணு விதி. மூணும் உண்மையா இருக்கும். அதான் பிரச்சினையே.

பிரீனா அக்கா. இங்க வாறதுக்கு முன்ன வீட்டுல வச்சு நீங்க சொன்னதை இங்க சொல்லட்டா? செரின்னா தலையை ஆட்டுங்க.

நான் போய் அக்காகிட்ட கேட்டேன், அண்ணன் வீட்டுல எப்பமாவது சொல்லியிருக்காரா, ரெண்டு பேரும் ஒண்ணா தொட்டா யாருக்குன்னு. அக்கா சொன்னாங்க, ஆட்டம் முடிஞ்சு வந்தா சோத்துக்கு முன்னால இருந்துட்டு ரெண்டு வெரலைச் சேர்த்துச் சேர்த்துப் பாத்துட்டே இருப்பாராம். கறி ஆறும். அக்கா, "என்ன ஆச்சு உங்களுக்கு?"ன்னு கேட்டா, "இண்ணைக்குத் தப்பாச் சொல்லிட்டேன் போலிருக்கு பிரீனா. ரெண்டு பேரும் நல்லாத்தான் ஓடினானுவ. யாருக்குன்னு எனக்கே தெரியல. எல்லாவனும் எனக்க மொகத்தைப் பாக்கான், தெரியலன்னு எப்படிச் சொல்ல?"

தெரியலியாம்! கேட்டியளா? தலைவருக்கே தெரியலியாம்! இத்தற நாளும் ஒரு கண்ணை மூடி அப்படிப் பாத்துட்டு, தெரியலியாம்!

எனக்கு ஒரு நிமிஷம் கோபம் வந்துது. பொறவு அங்கயே உக்காந்து அழுதேன். ஏன்னா இனி தேடுகதுக்கு ஒண்ணும் இல்ல. எங்கயோ ஒரு பதில் இருக்கு, நான்தான் கண்டுபிடிக்கலன்னு நெனச்சிட்டு இருந்தேன். பதிலே இல்ல. ஒவ்வொரு தடவையும் அவரு ஒத்தைக்குப் பயந்துட்டே சொல்லியிருக்காரு. நாங்க அதைக் கைதட்டி வாங்கியிருக்கோம்.

அப்போ அமெரிக்காவுக்கு நான் என்ன எழுத? எபிசண்ணன் சொன்னாருன்னு நானே ஒண்ணை உண்டாக்கி எழுதலாம். எவனுக்கும் தெரியாது. ஆனா அவரு பேர்ல பொய்யைச் சேத்து அனுப்ப எனக்க கை போகாது. பேசாம இருந்தா பகடை வந்துரும். ரெண்டும் என்னால தாங்க முடியாது.

அதனால ஒண்ணு சொல்லுகேன். விதியை நாம சொல்லுவோம். எபிசண்ணன் சொன்னதுன்னு இல்ல, எபிசண்ணன் இல்லாததுனால அவருக்க சங்கம் கூடிச் சொன்னதுன்னு எழுதுவோம். அவரு தொடங்கின இந்த ஆட்டத்தை நாங்க நிறுத்த மாட்டோம்னு அவருக்க போட்டோவுக்கு முன்னால நிண்ணு, சங்கத்துக்காகச் சொல்லுகேன். அது மட்டும்தான் எனக்கு உறுதியாத் தெரியும். மத்தது ஒண்ணும் தெரியாது.

சனிக்கிழமை சாயங்காலம் இதே ஹால்ல தகட்டைப் போடுவோம். போதகர் ஐயா சம்மதம் தந்துட்டாரு. தந்திய இல்லியா ஐயா? செரி. சுவிட்சைப் போட்டு ஆடுவோம். ரெண்டு பேரு ஒண்ணா தொட்டுச் சுத்துக வரைக்கும் ஆடுவோம். பொறவு ஒவ்வொருத்தரா குனிஞ்சு பாருங்க, யாருக்குன்னு சொல்லுங்க, ஏன்னும் சொல்லுங்க. ஆடத் தெரிஞ்சவங்கதான் வரணும்னு இல்ல. அவரு கையால பல்லு கட்டினவங்களும் வாங்க. கல்ப்புல இருக்கவங்களுக்கு லைவ் போடுவேன், கமெண்ட்ல எழுதச் சொல்லுங்க. மொபைல்ல பழைய ஆட்டம் இருந்தா, அவரு கண்ணு எங்க பாக்குதுன்னு தெரியுக மாதிரி ஒரு துண்டு இருந்தாலும், சங்க ஐடிக்கு அனுப்புங்க. இந்த ஹால்ல உள்ளவங்க ஆளுக்கு ரெண்டு பேருக்காவது இதை ஷேர் பண்ணுங்க.

தப்பாச் சொல்லிருவோமோன்னு பயப்படாண்டாம். தப்பா இருந்தாலும் வந்து சொல்லுங்க. ஒத்தைக்கு இதைச் சொல்ல என்னால ஆகாது.

வாறவங்க இப்பவே ஒண்ணு கை தூக்குங்க. நான் எண்ண மாட்டேன். சும்மா பாக்கணும்.